மையவாடிக்குள் கட்டிய கயிறு

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மவுத்தானவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். அவர் மவுத்தாகவில்லை. பென்சன் எடுத்துக்கொண்டு எத்தாளையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். ஆகையால் எனக்கு அந்தத் தடையும் இல்லை.

பெயரை மட்டும் எழுதமாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவரிடம் கூலிக்கு நின்ற நாங்கள் முகத்துக்கு நேரே 'சேர்' என்போம், முதுகுக்குப் பின்னால் 'கயிறு' என்போம். அந்தக் கயிறு இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. நீல நைலோன் கயிறு, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டது. அதோடு நாலு இரும்பு முளை, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கொப்பி, காதில் ஒரு பென்சில். காட்டுக் கந்தோரில் அவருக்கு என்ன பதவி என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வேலை மட்டும் தெரியும். எலுவன்குளத்துக்கு அங்கால் உள்ள காட்டுக்குள் போய், முளையடித்து, கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, அதற்குள் முளைத்திருக்கிற செடி, கொடி, மரக்கண்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எண்ணி எழுதுவது. ஒரு சதுரம் முடிந்தால் அடுத்த சதுரம். சண்டை முடிந்து சில வருடங்களில், எது காடு, எது ஊர் என்று எல்லை போட வேண்டி வந்தபோது இந்த மனிதரைத்தான் அனுப்பினார்கள்.

நான் அப்போது புத்தளம் உப்பளத்தில் வேலை இல்லாத மாதங்களில் கிடைத்த கூலிக்கெல்லாம் போவேன். முளையடிக்கவும் கயிறு பிடிக்கவும் ஆள் தேவை என்றார்கள், போனேன். முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சாறத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தார்.

"குளக்கட்டால வந்தியா?"

"இல்ல சேர், றோட்டால."

குளக்கட்டால் வரக்கூடாது, யானை நிற்கிறது என்று சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் குறுக்கு வழியால்தான் வந்திருந்தேன். அவர் குனிந்து என் சாறத்திலிருந்து ஒரு நாயுருவி விதையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது றோட்டில இல்ல. வாய் எத்தினை கதையும் செல்லும்."

அவ்வளவுதான். ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மற்றக் கூலிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னைக் களவெடுத்த பிள்ளையைப் போல நிறுத்திவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய குணமே இதுதான். மனிதர் சொல்வது ஒன்றையும் நம்பமாட்டார். எலுவன்குளத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், பாவம், வாய் நிறையக் கதைக்கிற மனிதர். சேருக்குப் பிளேன்டீயும் பணிசும் வைத்துவிட்டு, விறகு எல்லாம் வீட்டு வளவிலிருந்து எடுப்பதாகக் கேளாமலே சொன்னார். சேர் குடித்து முடித்தார். எழுந்துபோய் அடுப்புக்குள்ளிருந்து எரிந்துகொண்டிருந்த ஒரு கட்டையை இழுத்து, தண்ணீர் ஊற்றி, பட்டையை நகத்தால் சுரண்டினார். "வீரை. வளவில வீரை வெச்சிருக்கிற ஆளை நான் இன்னும் காணல்ல" என்றார். குடித்த தேநீருக்குக் காசை மேசையில் வைத்துவிட்டு, அதே மேசையில் வைத்துக் கொப்பியைத் திறந்து எழுதினார். முதலாளிக்கு வழக்கு. அதற்குப் பிறகு அந்தக் கடையில் எங்கள் ஒருவருக்கும் கடன் கிடையாது.

தன் சொந்தக் காக்காவையே, கூடப்பிறந்த அண்ணனையே, விடவில்லையாம். எத்தாளையில் அவருடைய காக்கா தோட்டத்து வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இருந்த பற்றைக்காட்டுக்குள் தள்ளியிருக்கிறார். எல்லாரும் செய்கிற வேலைதான். விசாரணைக்கு வந்தபோது காக்கா, வாப்பா காலத்து வேலி என்று பள்ளிவாசலில் வைத்துச் சொன்னார். இந்த மனிதர் எழும்பி, வேலிக்கு உள்ளே இருக்கிற புல்லின் பெயரையும் வெளியே இருக்கிற புல்லின் பெயரையும் சொல்லி, உள்ளே இருப்பது உழுது மூன்று வருடமான மண்ணில் வருகிற புல் என்று விளக்கியிருக்கிறார். காக்கா மகளின் கலியாணத்துக்கு இவருக்குச் சொல்லவில்லை. இதை எனக்குச் சொன்னது அவருடைய ஊர்க்காரரான ட்ரைவர். சொல்லிவிட்டு, "ஆள் நேர்மையான ஆள்தான், ஆனா வீட்டுக்குள்ள வெச்சிருக்க ஏலா" என்றார்.

ஒரு நாள் யானை வந்தது. நாங்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினோம். அவர் சதுரத்துக்குள் குந்தியிருந்தபடி கையைக் காட்டி, பேசாமல் நில்லுங்கள் என்றார். எண்ணிக்கை குழம்பிவிடுமாம். யானை அவரைப் பார்த்தது. அவர் யானையைப் பார்க்கவில்லை, ஒரு கொழுந்தின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் அந்த யானையின் மேல் வருத்தம் உண்டு.

அவர் யாருக்கும் எதுவும் படிப்பிக்கிறவர் இல்லை. தனக்குள் முணுமுணுப்பார். மாதக்கணக்காகக் கயிறு பிடித்த எனக்கு, வேண்டாம் என்றாலும் காதில் விழும். தேக்கு நட்ட துண்டுக்குள் போனால் வாயே திறக்கமாட்டார். அங்கே எண்ண ஒன்றும் இருக்காது, காய்ந்த இலை மட்டும்தான். நெருப்பு வைத்த இடத்தில் மாணாப்புல். மாடு மேய்ந்த இடத்தில் ஆவாரையும் முள்ளும்தான், மாடு தின்னாததெல்லாம் பெருத்திருக்கும். காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்து கைவிட்ட இடத்தில் உண்ணிச்செடி நெருக்கமாக ஏறி நிற்கும். வீடு இருந்த இடத்தில் வேம்பு, புளி, விளாத்தி. ஒன்றும் செய்யாமல் விட்ட இடத்தில்தான் பாலையும் வீரையும், அவற்றின் நிழலில் அவற்றின் கண்டுகளும். மனிதன் காட்டுக்கு என்ன செய்தானோ அதை அந்தக் காடு செடியாக எழுதி வைத்திருக்கிறது என்பது அவருடைய எண்ணம். அதை வாசிக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பதும் அவருடைய எண்ணம். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்களுடைய ஊர் எலுவன்குளத்தையும் தாண்டி, கடற்கரைப் பக்கமாக, காட்டின் ஓரத்தில் இருந்தது. முப்பது நாற்பது வீடு, ஓலைப் பள்ளிவாசல் ஒன்று, சின்னக் குளம் ஒன்று. கொஞ்சம் தள்ளி, மவுத்தானவர்களை அடக்குகிற மையவாடி. எனக்கு ஏழு வயதில் உம்மா பிள்ளைப்பேற்றில் மவுத்தானார். பிறந்த தங்கச்சியும் அன்றைக்கே போய்விட்டாள். இரண்டு ஜனாஸாவையும் ஒன்றாகக் கொண்டுபோனார்கள். சிறுபிள்ளை என்று என்னை அடுத்த வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நான் அங்கே ரொட்டியும் சீனியும் தின்றுகொண்டிருந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சில மாதங்களில் சண்டை நெருங்கி, ஊர் முழுக்க விட்டுவிட்டு வந்தோம். புத்தளத்தில் முகாம், பிறகு அந்த முகாமே குடியிருப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. காடு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

வாப்பா மறு கலியாணம் செய்யவில்லை. சண்டை முடிந்தபோது அவருக்கு நடக்க ஏலாது, நீரிழிவில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீடு வேண்டாம், காணி வேண்டாம். மவுத்தானால் அந்த மையவாடியில், உம்மாவுக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும். அது எல்லைக்கோட்டுக்கு உள்ளே போய்க் காடாகிவிட்டால் அங்கே குழி தோண்ட விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வீட்டுக்கு வரும்போது, "அந்தச் சேர் எங்கட பக்கம் வந்துட்டாரா மனே?" என்று கேட்பார்.

கடைசியில் வந்தார். எங்கள் வீடுகள் இருந்த துண்டில் கயிறு கட்டினார். வேம்பும் புளியும் உண்ணியும். தயங்காமல் 'ஊர்' என்று எழுதினார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. அடுத்த நாள் மையவாடிப் பக்கம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போனபோது எனக்கே இடம் பிடிபடவில்லை. பெரிய பாலை மரங்கள், நடுப்பகலிலும் இருட்டாக நிழல். மண்மேடு ஒன்றும் இல்லை. மழையும் யானையும் சேர்ந்து எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டன. ஆனால் குளத்தின் மூலையிலிருந்து திசை பிடித்துப் பார்த்தால் இடம் இதுதான். எனக்குச் சந்தேகம் இல்லை.

"சேர், இதுதான் எங்கட மையவாடி. எங்கட உம்மா இங்கதான் இருக்கா."

"கடதாசி இருக்கா?"

"மையவாடிக்கு என்ன சேர் கடதாசி? பள்ளிக் கொப்பியில எழுதியிருந்த. பள்ளியே இல்ல இப்ப."

"அப்ப செடி செல்லட்டும்."

இரண்டு நாள் எண்ணினார். ஐந்து சதுரம். உம்மாவின் நெஞ்சில் அடிக்கிறேனோ என்று பயந்து பயந்துதான் நான் முளையடித்தேன். அவரிடம் சொன்னேன். "மெதுவா அடி" என்றார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் பின்னேரம் கொப்பியை மூடிவிட்டு, "இது கத்தி படாத காடு" என்றார்.

"என்ன சேர் செல்லுறீங்க?"

"பாலைக் கண்டு, வீரைக் கண்டு, குருந்து. எல்லாம் நிழல்ல வாற சாதி. உண்ணி ஒண்டும் இல்ல. ஆவாரை இல்ல. வேம்பு இல்ல. மனிசன் பொழங்கின எடம் எண்டா வந்திருக்கும். உங்கட வீட்டுப் பக்கம் வந்திருக்குத்தானே? இங்க வரல்ல."

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "மையவாடியில ஆரு சேர் கத்தி வெக்கிற? ஒரு சுள்ளி பொறுக்க மாட்டம். மையவாடி விறகு அடுப்புக்குக் கொண்டுபோகக் கூடா எண்டு எங்கட ஊரில சட்டம் மாதிரி. ஆட்டைக் கூட உள்ளுக்கு விட மாட்டம். தொடாம வெச்சதுதான் சேர் எங்கட மரியாத! அதுதான் காடு இப்பிடி நிக்கிது!"

"அது நீ செல்லுற கதை" என்றார்.

புறப்படுகிற நேரத்தில் ஒரு மெல்லிய மரத்தில் கையை வைத்து நின்றார். ஒதிய மரம். வேலிக்கு நடுகிற மரம். அங்கங்கே இன்னும் சில நின்றன, பாலையின் நிழலில் உயர்ந்து ஒடுங்கி.

"இது எப்பிடி இங்க வந்த? ஆராவது நட்டீங்களா?"

"மையவாடியில ஆரு சேர் மரம் நடுவாங்க?" என்றேன், வெறுப்போடு.

அவர் கொஞ்ச நேரம் அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு குருவி போட்ட விதையாக இருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார்.

மையவாடி கோட்டுக்கு உள்ளே போனது. மனிதத் தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாராம். வாப்பாவிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அப்ப உம்மா ஆரு? அவ மனிசி இல்லையா?" என்று கேட்டார். நான் அந்த மனிதரை அன்றைக்குச் சபித்த மாதிரி வாழ்நாளில் யாரையும் சபித்ததில்லை. வேலையையும் விட்டுவிட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். பெரியவர்கள் மேலிடத்துக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். ஆனால் எனக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. நோன்புக்கு முன்னால் மையவாடி துப்புரவாக்குவது, புத்தளத்துக்கு வந்த பிறகு எங்களுக்குப் பழகிய வழமை. ஆண்கள் எல்லாரும் சேர்ந்து புல் செதுக்கி, பற்றை வெட்டி, யாசீன் ஓதிவிட்டு வருவோம். வருடா வருடம் செய்கிறோம். இந்த முறை எங்களுடைய பழைய மையவாடியில் செய்வோம் என்று நான்தான் சொன்னேன். "அந்தாளுக்குக் கத்தி பட்டாத்தான் மனிசன் இருந்த எடமாம். வாங்க, கத்தி படுத்திக் காட்டுவம்" என்றேன். பொடியன்கள் கை தட்டினார்கள். பன்னிரண்டு பேர், ஒரு ட்ராக்டர் பெட்டி, பன்னிரண்டு மன்னாக்கத்தி. எல்லாரும் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். பழைய ஊரில் ஒரு ஜனாஸாவுக்காவது போன ஆள் அந்தப் பெட்டிக்குள் ஒருவர் கூட இல்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெரிய பாலையை விட்டுவிட்டோம். கண்டுகளையும் குருந்தையும் கொடிகளையும் வெட்டினோம். ஒதி மென்மையான மரம், இரண்டு வெட்டில் சாயும். நான் அவற்றைத் தேடித் தேடி வெட்டினேன். வெட்டும்போது அவர் அந்த மரத்தில் கை வைத்து நின்றது கண்ணுக்குள் நின்றது, இன்னும் ஓங்கிப் போட்டேன். நடுப்பகல் லுஹருக்கு முன்னால் அரை ஏக்கர் வெளியாகிவிட்டது. வெயில் தரையில் விழுந்தது. யாசீன் ஓதினோம், துஆ கேட்டோம், பார்சல் சோறு சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து, "மையவாடியத் துப்புரவாக்கிட்டம் வாப்பா" என்றேன். அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

மூன்றாம் நாள் சேர் ஆள் அனுப்பினார். நான் போனபோது அவர் மோட்டார் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஏற்கனவே உள்ளே நின்றார். என்னோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. வழமை போல முளையை அடித்துச் சதுரம் கட்டத் தொடங்கினார், வெட்டின கட்டைகளை எண்ண. வழக்குப் போடுவதற்கு எண்ணிக்கை வேண்டுமே. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போடட்டும், கோர்ட்டில் வைத்துக் கேட்கிறேன் என்ற நினைப்பு.

பாதியில் நிறுத்தினார். ஒரு ஒதிக் கட்டையிலிருந்து இன்னொரு ஒதிக் கட்டையைப் பார்த்தார். முளையைப் பிடுங்கினார். கயிற்றை அவிழ்த்து அந்தக் கட்டையிலிருந்து இந்தக் கட்டைக்கு நேராகப் பிடித்து முடிச்சுகளை எண்ணினார். பிறகு அடுத்த இரண்டு கட்டை. அடுத்த இரண்டு. எல்லாம் வடக்குத் தெற்காக, எல்லாம் இரண்டு இரண்டாக, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஓர் ஆள் நீளம். காடு அடர்ந்து நின்றபோது யாருக்கும் தெரியாதது, வெட்டி வெளியாக்கியதும் வரிசையாகத் தெரிந்தது. அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார். நடுவில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனேன்.

"இது மீசான்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "பச்சைக் கொப்பு ஊனியிருக்காங்க. தலைமாட்டுக்கு ஒண்டு, கால்மாட்டுக்கு ஒண்டு. எல்லாம் வேர் விட்டு மரமா வந்திருக்கு."

ஒருவரை அடக்கிய கபுறுக்கு அடையாளமாக நடுகிறதுதான் மீசான். புத்தளத்தில் பலகை வைப்பார்கள், சிமெந்து வைப்பார்கள், பெயர் எழுதுவார்கள். நான் கண்டதெல்லாம் அதுதான். பச்சைக் கொப்பு நடுகிற ஊரில் பிறந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் பெரிய பாலையின் வேருக்குப் பக்கத்தில் குந்தினார். அங்கேயும் ஒரு சோடி. அதற்கு ஒட்டினாற்போல் இன்னொரு சோடி. கயிற்றைப் பிடித்தார்.

"இது பெரிய ஆள். பக்கத்தில இது..." இரண்டாவது சோடிக்குள் கயிறு இரண்டு முடிச்சுக்கூட முழுதாக எட்டவில்லை. "இது புள்ள."

நான் அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தினேன். அந்தப் பாலையின் கீழே வேலை செய்தது நான்தான். அந்த நாலு கட்டையிலும் இருந்த சரிவான வெட்டு என் கை வெட்டு. உப்பளத்தில் விழுந்து வலது தோள் முறிந்ததிலிருந்து எனக்கு நேராக வெட்ட வராது.

"இத ஆரு வெட்டின?"

"நான்" என்றேன்.

அவர் எழுதினார். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து என் பெயரை எழுதினார். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நட்டீங்களா எண்டு நான் கேட்டன். இல்லை எண்டு சென்ன" என்றார். "நான் உன்ட வாயை நம்பினன்."

அதைச் சொல்லும்போது அவருக்கு ஆத்திரமா அழுகையா என்று என்னால் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் எனக்குத் தேவையில்லை. குருவி போட்ட விதை என்று முணுமுணுத்தது யார்? மையவாடி என்று நான் தொண்டை கிழியக் கத்தியதை விட்டுவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னபோது மட்டும் நம்பினால் அது என் பிழையா?

அறிக்கையைத் திருத்தி எழுதினார். இது மையவாடி, இத்தனை கபுறு, இத்தனை பெரியவர்கள், இத்தனை பிள்ளைகள். கோடு தள்ளிப்போய் மையவாடி வெளியே வந்தது. வெட்டுகிறபோது அது கோட்டுக்கு உள்ளே இருந்தபடியால் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வழக்கும் போட்டார். ஒரே நாளில், ஒரே கோர்ட்டில், எங்களுக்குச் சாதகமாகவும் சாட்சி சொன்னார், எங்களுக்கு எதிராகவும் சாட்சி சொன்னார். இரண்டுக்கும் ஒரே குரல். குடியிருப்பில் சிலர் அவரை மெச்சினார்கள். மெச்சுகிறவர்கள் மெச்சட்டும்.

இதெல்லாம் நான் பொறுத்திருப்பேன். அதற்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அறிக்கையோடு சேர்க்க, பழைய ஊரில் ஜனாஸா அடக்கிய ஒருவருடைய வாக்குமூலம் தேவைப்பட்டதாம். மனிதர் வாயை நம்பாதவருக்கு வந்த தேவையைப் பாருங்கள். வாப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் அவரிடம் மீசான் கதை எதுவும் சொல்லியிருக்கவில்லை. உம்மாவின் கபுறைக் கண்டுபிடித்தோம், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். சேர் கதிரையில் இருந்தார். என் மனைவி பிளேன்டீ வைத்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் வாப்பா பதில் சொன்னார். மீசான் கொப்பு எந்த மரத்தில் எடுப்பீர்கள் என்று சேர் கேட்டார்.

"ஒதியிலதான். பச்சையா வெட்டி ஊனுவம். ஈரம் இருக்கிற வரைக்கும் அது அல்லாஹ்வை நினைச்சு திக்ரு செய்யும், கபுறுக்குள்ள இருக்கிற மையத்துக்கு லேசா இருக்கும் எண்டு செல்லுவாங்க. ஒதி லேசில காயாது. எங்கட வீட்டாளுக்கும் புள்ளைக்கும் நான்தான் வெட்டி ஊனின." வாப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "வேர் விட்டிருக்கா சேர்? மரமா நிக்கிதா?"

நான் கதவடியில் நின்றேன். சேருக்குத் தெரியும்படி கையைக் கூப்பினேன். ஓம், கையைக் கூப்பினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"மரமா வந்திருந்த" என்றார். "இப்ப இல்ல. துப்புரவாக்கப் போனவங்க வெட்டிப்போட்டாங்க."

"ஆரு?"

"உங்கட மகன்தான். தெரியாம வெட்டின."

ஒரு பொய். ஒரே ஒரு பொய். நோயாளி மனிதர், காலில்லாதவர், இன்னும் எத்தனை நாளோ. 'ஓம், நிக்கிது' என்று இரண்டு சொல் சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? வாக்குமூலத்தை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு சலாம் சொல்லிவிட்டுப் போனார். தேநீரைக் குடிக்கவும் இல்லை.

வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டையும் வெட்டினியா?"

"ஓம் வாப்பா."

"புள்ளடயுமா?"

"ஓம்."

சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு உம்மாவைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டார், மருந்து குடித்தார், பேரப்பிள்ளைகளோடு கதைத்தார். என்னிடம் தேவைக்குத்தான் பேசினார். ஐந்து மாதம் அப்படி இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் மவுத்தானார்.

அவர் கேட்ட இடத்திலேயே வைத்தோம். திருத்தின அறிக்கையால்தான் அது முடிந்தது, எனக்குத் தெரியும். உம்மாவின் கட்டைகள் தழைத்து இடுப்பளவு வந்திருந்தன. தங்கச்சியுடையதும் தழைத்திருந்தது. வெட்டி வெளியாக்கிய மற்ற இடமெல்லாம் உண்ணி ஏறியிருந்தது. பெரியவர் ஒருவர், அந்த ஒதித் தளிரில் ஒரு கொப்பு வெட்டி வாப்பாவுக்கு மீசானாக ஊனுங்கள், வழமைப்படி இருக்கட்டும் என்றார். யாரோ என் கையில் கத்தியைத் தந்தார்கள். நான் அதை வாங்கித் தரையில் போட்டுவிட்டேன். புத்தளத்திலிருந்தே இரண்டு சிமெந்துப் பலகை ட்ராக்டரில் கொண்டுவந்திருந்தேன். தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக அவற்றைப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்கினேன்.

சேரும் வந்திருந்தார். யார் சொன்னதோ தெரியாது. கடைசி வரிசையில் நின்று ஜனாஸாத் தொழுதார். மூன்று பிடி மண் போட்டார். ஒரு முஸ்லிம் மண் போடுவதை நான் எப்படித் தடுப்பது? எல்லாரும் கலைந்து போன பிறகும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கபுறுக்கு இந்தப் பக்கம் நின்றார். கயிறு இல்லை. சிமெந்துப் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"இது தழைக்காது" என்றார்.

"ஓம்" என்றேன். "ஆரும் வெட்டவும் ஏலா."